கோணி நெய்தோர் வரலாறு

உணவுக்கு அடுத்தபடியாக மாந்தர்க்கு இன்றியமையாதது உடை என்பர். அவ்வுடையை ஆக்கித் தருவது நம் குலத்தொழில். ஆயின், உணவும் ஓர் உடையின்றி நம் வீடு வந்து சேர்வதில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? களத்து நெல்லும், சந்தைக்கு வரும் பயறும், கிடங்கில் அடுக்கிய சர்க்கரையும் உடுத்துவரும் உடை ஒன்று உண்டு. அதுவே கோணி. பட்டின் பெருமையும் பருத்தியின் பெருமையும் நாம் எப்பொழுதும் பேசுவன. கோணியைப் பற்றிப் பேசுவார் அரியர். அதுவும் தறியில் நெய்த துணியே. அதற்கும் பாவு உண்டு, ஊடை உண்டு. அதனையும் ஒரு காலத்திற் கையால் நூற்றுக் கையால் நெய்து பிழைத்த பெருங்கூட்டத்தார் வங்காள தேசத்தில் இருந்தனர். அவர்தம் தறிகள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் ஓய்ந்தன. அவை எவ்வாறு ஓய்ந்தன, அவர்களை வென்ற ஆலைகள் பின்னர் யாது கதியடைந்தன என்பவற்றைக் கைத்தறியைக் குலதனமாகக் கொண்ட நாம் அறிதல் அவசியம். ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

சணல் இன்னதென்பது

முதற்கண் ஒரு பெயர் மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டு உழவர் வயலுக்குத் தழையுரமாக விதைக்கும் சணப்பு வேறு. கோணி நெய்யப்படும் சணல் வேறு. சணப்பு, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சட் பூச்செடி. அதன் நாரும் கயிற்றுக்கு உதவும். நம் சமையலிற் புளிப்புக்குச் சேர்க்கும் புளிச்சைக் கீரையின் இனத்துச் செடிகளிலிருந்தும் சணல் போன்ற நார் எடுப்பதுண்டு. வங்காளத்துச் சணலோ இவ்விரண்டிற்கும் வேறான செடி. அதில் இரண்டு சாதிகள் உள. ஒன்றின் நாரை வெள்ளைச் சணல் என்றும், மற்றொன்றின் நாரைத் தோஷாச் சணல் என்றும் வியாபாரிகள் வழங்குவர். வங்காளிகள் இதனைப் 'பாட்' என்பர். இதன் இளந்தழையைக் கீரையாகச் சமைத்து உண்பதும் அவர்கள் வழக்கம். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஜூட்' என்னும் பெயர், சடை என்று பொருள்படும் 'ஜடா' என்னும் வடசொல்லினின்று வங்காள, ஒரிய மொழிகளின் வாயிலாகச் சென்றதென்பர். உலரவைத்த சணற் கற்றையைக் கண்டார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இச்செடிக்கு வேண்டுவன வெப்பமும், காற்றில் மிகுந்த ஈரமும், ஆறுகள் கொணர்ந்து பரப்பும் வண்டலும் ஆம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் புது மண் போட்டுச் செல்லும் வங்காளத்துச் சமவெளி இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம். பங்குனி முதல் வைகாசி வரையில் விதைப்பர். நான்கு திங்களில் அது ஆள் உயரத்தைக் கடந்து பத்தடிக்கு மேலும் வளரும். பூக்கும் பருவத்தில் அதனை அறுத்துக் கட்டுக்கட்டாக நீரில் அமிழ்த்துவர். தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிற்றுநார் எடுப்பதை நம்மவர் அறிவர். அவ்வாறே இதுவும். மட்டைக்கு மாதக் கணக்காகும். சணலுக்குப் பெரும்பாலும் பத்து முதல் இருபது நாட்கள் போதும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் தண்டுக்கும் நாருக்கும் இடையே உள்ள பசையைத் தின்றுவிடும். பின்னர் உழவன் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, தண்டின் அடியைத் தட்டி, நாரை உரித்து, நீரில் வீசி அலசுவான். ஒருநாள் முந்தினால் நார் தண்டைவிட்டு வாராது. ஒருநாள் பிந்தினால் நாரும் நைந்துபோம். அப்பதம் அறிவது அவன் கைக்கே உரிய வித்தை. நூறு பங்கு பச்சைத் தண்டில் கிடைக்கும் நார் ஐந்தாறு பங்கே. அழுகல் நாற்றத்திலும் சேற்றிலும் நின்று பெறும் அந்த நார், உலர்ந்தபின் பொன்னிறமாய் மின்னும். அதனாலேயே அதற்குப் பொன்னிழை என்னும் பெயர் உண்டாயிற்று.

சணலின் குணங்களை நெசவாளர் நோக்கில் நோக்குவோம். பருத்தி இழை ஓர் அங்குல அளவினது. சணல் நாரோ ஆறடி, எட்டடி எனக் காணப்படும். எனினும் அந்நீளம் ஒரே இழையின் நீளமன்று. ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவினவாகிய சிற்றிழைகள் பல, லிக்னின் என்னும் மரப்பசையால் ஒட்டுண்டு நீண்ட நாராகத் தோன்றுகின்றன. நூறு பங்கு சணலில் இம்மரப்பசை சுமார் பன்னிரண்டு பங்கு உண்டு. பருத்தியில் அது கிடையாதென்றே சொல்லலாம். சணலின் நன்மை தீமைகள் இரண்டும் பெரும்பாலும் இதனின்றே பிறப்பன.

சணல் நூல் இழுத்தால் நீளாது. நூற்றுக்கு இரண்டளவு நீளுமுன் அறுந்துவிடும். ஆகவே கோணியில் எத்துணைப் பாரம் அடைத்தாலும் அது தொய்ந்து உருக்குலைவதில்லை. மேற்பரப்பு சொரசொரப்பானது. ஆகவே மூட்டையின்மேல் மூட்டையாக உயர அடுக்கினும் வழுக்கி விழுவதில்லை. சுமைகூலிகள் கொக்கியால் குத்தி இழுத்தாலும் துணி கிழிந்தோடாமல், கொக்கியை எடுத்தபின் இழைகள் ஒருவாறு மீண்டும் நெருங்கிக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சி வெளிவிடுந் தன்மையால் உள்ளிருக்கும் தானியம் வேர்த்துப் புழுங்காது. இவை நன்மைகள். வெயிலிற் கிடந்தால் பழுத்து வலியிழத்தலும், ஈரத்திற் கிடந்தால் இற்றுப்போதலும், பன்முறை வெளுத்தால் சிற்றிழைகள் பிரிந்து நைதலும் தீமைகள். இதனாலேயே சணல் மேனிக்குடுத்தும் ஆடையாக ஓங்கவில்லை. ஆயினும் இற்றுப்போதல் என்னும் குற்றமே இக்காலத்தில் ஒரு குணமாயிற்று. சாலையோரச் சரிவுகளிலும் ஆற்றுக் கரைகளிலும் சணல்வலையை விரித்துப் புல் விதைப்பர். புல் வேரூன்றும்வரை மண்ணைக் காத்துப் பின்னர்த் தானும் மண்ணோடு மண்ணாகிவிடும்.

கைத்தறி நாட்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். அக்பர் சக்கரவர்த்தியின் ஆட்சியைப் பற்றி அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி என்னும் நூலில், வங்காளத்துக் கோராகாட் பகுதியிற் சாக்குத்துணி உண்டாவதாகக் குறிப்புண்டு. ஆகவே 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது பெயர்பெற்ற சரக்கு என்பது தெளிவு. வங்காளத்திற் காபாலி என்னும் ஒரு சாதியார் சணல் பயிரிடுதலையும் கோணி நெய்தலையும் தம் குலத்தொழிலாகக் கொண்டிருந்தனர். ஆயின் அத்தொழில் அவர்களோடு நின்றதன்று.

1850-களிற் கல்கத்தாவிலிருந்த ஹென்லி என்னும் ஆங்கில வணிகர் இத்தொழிலின் நிலையை விரிவாக எழுதி வைத்துள்ளார். கீழ் வங்காளத்தில் இத்தொழில் நுழையாத வீடே இல்லையென்றும், ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் இதிற் பங்குகொள்வரென்றும், படகோட்டிகளும் உழவர்களும் பல்லக்குத் தூக்குவோரும் வீட்டு வேலைக்காரரும் ஓய்ந்த வேளையில் நூற்கோலுங் கையுமாக இருப்பரென்றும் அவர் கூறுகின்றார். அவர் கூறுவனவற்றுள் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்று உண்டு. கணவனை இழந்து, குடும்பத்தார்க்குப் பாரமென்று ஒதுக்கப்பட்ட இந்துக் கைம்பெண்கள், பிறர் கையை எதிர்பாராமல் தம் வயிற்றைத் தாமே காத்துக்கொள்ள இந்நூற்புத் துணைசெய்தது என்பதே அது. தக்களியிலும் ராட்டையிலும் தம் வாழ்நாளைக் கழித்த பாட்டிமார் நம் குடும்பங்களிலும் இருந்தனரன்றோ? அவர்க்கு நூல் எத்தகைய ஊன்றுகோலாக இருந்ததென்பதை நாம் அறிவோம்.

இத்தொழில் ஊரளவில் நின்ற சிறுதொழிலுமன்று. வங்காளத்துக் கோணி அமெரிக்கா முதலிய தூரதேசங்கட்கும் கப்பலேறியது. 1850-51-இல் ஏற்றுமதியான கோணியின் விலை சுமார் 21½ லட்சம் ரூபாய். பக்குவஞ் செய்யாத சணலின் விலை சுமார் 19½ லட்சம் ரூபாய். நாரை விற்று வந்த பணத்தினும் நெய்து விற்று வந்த பணம் மிகுதியாயிருந்தது என்பதை நேயர்கள் ஊன்றி நோக்குக. அவ்வளவும் கையால் நெய்தவை. அப்பொழுது இந்தியாவில் ஒரு சணலாலையேனும் இல்லை.

கோணி என்னும் சொல்லும் சரக்கோடு கப்பலேறியது. வடமொழியிற் 'கோணீ' எனவும் நம் மொழியிற் 'கோணி' எனவும் வழங்கும் இச்சொல்லின் வழியே ஆங்கிலத்தில் 'கன்னி பேக்' என்னும் வழக்கு உண்டாயிற்று. 'சாக்கு' என்னும் ஐரோப்பியச் சொல்லோ நம் கடைத்தெருவிற் குடியேறியது. நம் சொல் நம் துணியோடு போயிற்று. அவர் சொல் நம்மிடம் வந்தது.

டண்டீ நகரம்

ஸ்காத்துலாந்தின் கீழ்க்கரையில் டண்டீ என்னும் துறைமுகப்பட்டினம் ஒன்று உளது. ருஷ்ய நாட்டினின்று ஆளிநாரையும் புளிச்சநாரையொத்த பிற முரட்டு நார்களையும் வரவழைத்து முரட்டுத்துணி நெய்வது அந்நகரத்தாரின் தொழில். 1790-களிற் கிழக்கிந்தியக் கம்பெனியார், தாவர நூல் வல்லுநர் ராக்ஸ்பரோ முதலியோரின் முயற்சியால், வங்காளச் சணலை மாதிரிக்காகச் சீமைக்கு அனுப்பினர். விலையோ மலிவு, ஆயினும் வாங்குவோர் இல்லை. டண்டீயின் இயந்திரங்களில் அதனை இட்டால் நார் விறைத்து ஒடிந்தது. கையால் நூற்போர் நாரின் போக்கறிந்து விரலை இளக்கியும் இறுக்கியும் நூற்பர். இரும்புக்கு அது தெரியாது.

டண்டீ, திமிங்கில வேட்டைக்கும் பெயர்பெற்ற துறை. அங்குத் திமிங்கில எண்ணெய்க்குக் குறைவில்லை. சணலை அவ்வெண்ணெயும் நீரும் கலந்து ஊறவைத்தால் இளகி இயந்திரத்திற்கு இசையும் என்பதைப் பல சோதனைகளின் பின் 1830-களில் அந்நகரத்தார் கண்டுகொண்டனர். 1838-இல் டச்சு அரசாங்கத்தார் ஜாவாத் தீவின் காப்பிக்கொட்டைக்காகச் சணற்பைகளுக்குப் பெரிய கட்டளை கொடுத்தனர். 1854-இல் கிரைமியப் போரால் ருஷ்ய நார் வரவு தடைப்பட்டபொழுது, டண்டீ முழுவதும் சணலைத் தழுவியது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் அதனை மேலும் கொழுக்கச் செய்தது. அந்நகரத் தொழிலாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் சணலால் வாழலாயினர். அவருட் பெரும்பாலோர் பெண்கள். ஆடவர்க்குக் கொடுக்கும் கூலியினும் குறைத்துக் கொடுக்கலாம் என்பதே அதன் காரணம். மனைவி ஆலைக்குச் செல்லக் கணவன் வேலையின்றி வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருத்தல் அந்நகரில் இயல்பாயிற்று.

இங்ஙனம் வங்காளத்து உழவனின் நார், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் துணியாகி, வங்காளத்துக் கோணி சென்ற சந்தைகளுக்கே சென்றது. கைத்தறிக்கு விழுந்த முதல் அடி இது.

ஹூக்ளிக் கரை

இரண்டாம் அடி வங்காளத்திலேயே விழுந்தது. இலங்கையிற் காப்பித் தோட்டத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜார்ஜ் ஆக்லாந்து என்னும் ஆங்கிலேயர் டண்டீயிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து, விசுவம்பர சேனர் என்னும் வங்காளத் தனவந்தரின் பொருளுதவியுடன், 1855-இல் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளியாற்றங்கரையிலுள்ள ரிஷ்ராவில் முதற் சணலாலையை நிறுவினார். அது நூல் நூற்கும் ஆலையே. 1859-இற் போர்னியோக் கம்பெனியார் பரநகரில் நிறுவிய ஆலையிற் பொறித்தறியும் வந்தது. முதலில் ராட்டை தோற்றது. பின்னர்த் தறி தோற்றது. பருத்தியிலும் இதே வரிசையை நாம் கண்டோமன்றோ?

அதன்பின் ஆற்றின் இரு மருங்கும் புகைபோக்கிகள் எழுந்தன. 1910-இல் 38 கம்பெனிகளும் 30,685 பொறித்தறிகளும் இருந்தன. 1940-ஐ ஒட்டிய காலத்தில் தறிகளின் தொகை 68,000-ஐக் கடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்கத்தா டண்டீயை விஞ்சிவிட்டது. இதில் வியப்பென்னவெனின், கல்கத்தா ஆலைகட்கு இயந்திரம் விற்றவர் டண்டீக்காரர். அவற்றை ஓட்டக் கற்பித்த மேற்பார்வையாளரும் டண்டீக்காரரே. தம் பகைவனைத் தாமே பயிற்றுவித்த அந்நகரத்தார், பின்னர் இந்திய ஆலைகளில் வேலைநேரத்தைக் குறைக்கச் சட்டஞ் செய்யவேண்டுமென்று பார்லிமெண்டிற் கூக்குரலிட்டனர். தொழிலாளர்மேற் கொண்ட இரக்கத்தினும் போட்டிக்கு அஞ்சிய அச்சமே அதில் மிகுதி.

கைத்தறிக் கோணிக்காரர் என்னாயினர்? காபாலி முதலியோரிற் பலர் நெசவை விட்டு உழவையே முழுதும் பற்றினர். நெய்து விற்ற குடி நாரை விற்கும் குடியாயிற்று. ஆலைகளில் வேலைக்குச் சென்றோரோ பெரும்பாலும் அவர்களல்லர். முதலில் வங்காளிகள் சேர்ந்தனராயினும் பின்னர்ப் பீஹார், ஐக்கிய மாகாணம், ஒரிஸ்ஸா, சென்னை மாகாணத்து வடக்கெல்லைத் தெலுங்கு ஜில்லாக்கள் ஆகிய இடங்களிலிருந்து வந்தோரே ஆலைகளை நிரப்பினர். ஒரு தொழில் இயந்திரத்துக்குப் போனால் பழைய தொழிலாளனுக்கே புதிய வேலை கிட்டும் என்று சிலர் ஆறுதல் கூறுவர். கோணியின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

அழியாது நின்ற ஒன்றும் உண்டு. வட வங்காளத்துத் தினாஜ்பூர்ப் பகுதியில் ராஜபன்சிக் குலமகளிர் இடுப்பிற் கட்டி நெய்யும் சிறு தறியில், சணல் நூலுக்குச் சாயமேற்றி, 'தோக்ரா' என்னும் வண்ணப் பட்டைப் பாய்களை இன்றும் நெய்கின்றனர். ஆலையின் பொறித்தறி கோணியை வென்றது, அப்பாயை வெல்லவில்லை. ஏன்? கோணி வாங்குவோன் கரையைக் கேட்பதில்லை, வண்ணத்தைக் கேட்பதில்லை, நெய்தவர் யாரென்று கேட்பதில்லை. ஒரே அளவில் லட்சம் பைகள் இன்ன நாளில் இன்ன விலைக்கு வேண்டும் என்பதே அவன் கேள்வி. அக்கேள்விக்கு விடை சொல்ல இரும்பே வல்லது. பாய்க்கோ நெய்பவளின் கண்ணும் கையும் வேண்டும்.

சங்கமும் சங்கமின்மையும்

ஆலை முதலாளிகள் 1884-இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். பிற்காலத்தில் அது இந்தியச் சணலாலைச் சங்கம் எனப் பெயர் பெற்றது. சரக்கு மிகுந்து விலை இறங்குங் காலத்தில் எல்லா ஆலைகளும் ஒருங்கே வேலைநாளைக் குறைத்துக்கொள்வதென்று அச்சங்கத்தார் ஒப்பந்தஞ் செய்தனர். ஒருவரோடொருவர் போட்டியிட்டு அழியாமல் விலையைத் தாங்கிக்கொண்டனர்.

உழவர் நிலை இதற்கு நேர்மாறானது. லட்சக்கணக்கான குடும்பங்கள், துண்டுதுண்டான நிலங்கள். விதைக்குமுன்னரே மகாஜனரிடம் முன்பணம். அறுத்தபின் அப்பணத்துக்காக விளைச்சல். ஊரில் ஃபரியா என்னும் சிறு தரகன் வாங்குவான், அவனிடம் பேபாரி வாங்குவான், அவனிடம் ஆரத்தார் வாங்குவார், அதன்மேற் பொதி கட்டுவோர், அதன்மேல் ஆலை. இப்படிப் படிகள் பல. மேற்படியில் விலையேறினால் கீழ்ப்படிக்கு அது வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும். மேற்படியில் விலையிறங்கினால் அன்றைக்கே கீழே வந்து விழும்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. பதுங்குகுழிகட்கு மணல்மூட்டை கோடிக்கணக்காக வேண்டப்பட்டது. ஆலைகள் முன்னொருகாலுங் காணாத லாபத்தைக் கண்டன. அதே போரின் தொடக்கத்தில் உழவனின் சணல் விலையோ சரிந்தது. 1919-இற் பிர்லா, ஹுகும்சந்து ஆகிய மார்வாரி வணிகர் ஆலை நிறுவி அதுகாறும் ஆங்கிலேயரும் ஸ்காத்தியரும் காத்துவந்த கோட்டைக்குட் புகுந்தனர். 1929-இல் வேலைநேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 60 மணியாக உயர்த்தியதன்மேல், லட்சக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதனை முன்னின்று நடத்தியவருள் பிரபாவதி தாஸ்குப்தா என்னும் பெண்மணியார் தலையாயவர். அடுத்த ஆண்டுகளில் உலகமெங்கும் வியாபாரம் மந்தமடையச் சணல் விலை பாதிக்குங்கீழ் வீழ்ந்தது. நெல்லை விட்டுச் சணலை விதைத்த குடிகள் கடனில் மூழ்கின.

சணலால் அரசாங்கத்துக்கு வந்த வருமானமும் சிறிதன்று. 1916 முதல் சணலுக்கு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. இந்திய அரசியற் சட்டத்தின் 273-ஆம் பிரிவு, அவ்வரியிற் பங்குக்கு ஈடாக அஸ்ஸாம், பீஹார், ஒரிஸ்ஸா, மேற்கு வங்காளம் ஆகிய நான்கு ராஜ்யங்கட்குக் குறிப்பிட்ட காலம்வரை மானியம் வழங்கச் செய்தது. ஒரு நாட்டின் அரசியற் சட்டத்திற் பெயர் சொல்லப்படும் அளவுக்கு ஒரு நார் உயர்ந்ததென்றால் அதன் பெருமை என்னே! அதனை நீரில் நின்று உரித்தவன் வாழ்வு அத்துணை உயரவில்லை.

பிரிவினையும் பிளாஸ்டிக்கும்

1947-இல் தேசம் பிரிந்தது. சணல் விளையும் நிலத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு கிழக்குப் பாகிஸ்தானிற் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் அனைத்தும் இந்தியாவில் நின்றன. நூல் ஓரூரிலும் தறி ஓரூரிலும் இருந்து நடுவே சுவரெழுந்தாற் போலாயிற்று. 1949 செப்டம்பரில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைக்க, பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. சணல் வியாபாரம் முட்டி நின்றது. இந்தியா தன் நிலத்திலேயே சணற் சாகுபடியைப் பெருக்கிற்று. கிழக்குப் பாகிஸ்தானில் நாராயண்கஞ்சில் 1951-இல் ஆதம்ஜி ஆலை ஓடத் தொடங்கி, உலகிற் பெரிய சணலாலை எனப் புகழ்பெற்றது. தம் சணலால் வரும் அந்நியச் செலாவணி மேற்குப் பாகிஸ்தானுக்கே பயன்படுகின்றது என்னும் மனக்குறை, 1971-இல் வங்காளதேசம் தனிநாடாகப் பிரிந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று.

இதற்கிடையே இருநாட்டுக்கும் பொதுவான பகைவன் ஒருவன் தோன்றினான். மண்ணெண்ணெயின் இனத்தனவாகிய கனிப்பொருள்களிலிருந்து ஆக்கப்படும் பாலிப்ரொப்பிலீன் என்னும் செயற்கை இழை 1960-களிலிருந்து சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் ஜமக்காளங்களின் அடித்துணிக்குச் சணலே வேண்டப்பட்டு வந்தது. அவ்விடத்தை இவ்விழை பிடித்துக்கொண்டது. பின்னர் உரமூட்டை, சிமெண்டு மூட்டை என ஒவ்வொன்றாகப் பிடித்தது. அது இலகுவானது, ஈரம் ஏறாதது, விலை குறைந்தது. எந்த மலிவால் டண்டீ வங்காளத்துக் கைத்தறியை வென்றதோ, எந்த மலிவால் கல்கத்தா டண்டீயை வென்றதோ, அந்த மலிவாலேயே இது மூவரையும் வென்றது. டண்டீயிற் சணல் நூற்பு 1999-இல் அடியோடு நின்றது. இன்று அந்நகரத்துப் பழைய ஆலையொன்று காட்சிசாலையாக நிற்கின்றது. ஆதம்ஜி ஆலை 2002 ஜூன் 30-இல் மூடப்பட்டது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர்.

ஹூக்ளிக் கரை ஆலைகள் பல நலிந்தும் சில நிமிர்ந்தும் உயிரோடிருப்பதற்குக் காரணம் ஒரு சட்டம். உணவு தானியத்தையும் சர்க்கரையையும் குறிப்பிட்ட விகிதத்திற் சணற்பையிலேயே கட்டவேண்டும் என்று 1987-இல் இந்திய அரசாங்கம் விதித்தது. ஆகவே அரசாங்கக் கொள்முதலே அவற்றின் பெருஞ்சந்தை. நம் தஞ்சைத் தரணியில் நெல் கொள்முதல் நிலையங்களில் அறுவடைக் காலத்திற் சாக்குத் தட்டுப்பாடென்று உழவர் முறையிடும்போதெல்லாம், ஹூக்ளிக் கரைக்கும் காவிரிக் கரைக்கும் உள்ள உறவு வெளிப்படுகின்றது. பிளாஸ்டிக்கின் தீமையை உலகம் உணர்ந்து வருவதால் சணலுக்கு மீண்டும் மதிப்பு வருகின்றது. 2009-ஆம் ஆண்டை இயற்கை இழைகளின் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையார் கொண்டாடினர். வங்காளதேசம் 2002-இல் மெல்லிய பாலிதீன் பைகளைத் தடைசெய்தது. 2010-இற் சணற்பைகளைக் கட்டாயமாக்கிச் சட்டமும் இயற்றிற்று. கைப்பை, காலணி, திரைச்சீலை எனச் சணலிற் புதுப்பொருள்கள் பல உண்டாகின்றன. ஆயினும் இன்னும் பெரும்பங்கு சாக்கே.

நாம் சிந்திக்கத்தக்கன

இவ்வரலாற்றினின்று நம் குலத்தார் கொள்ளத்தக்கவை சில உள.

மலிவு ஒன்றையே சிறப்பாகக் கொண்ட துணி எவன் அதனினும் மலிவாக நெய்கின்றானோ அவனிடம் போய்விடும். அதற்கு நாடு என்றும் சாதி என்றும் நன்றி என்றும் இல்லை. கைத்தறி ஆலைத்துணியோடு விலையிற் போட்டியிடுவது கோணிக்காரர் சென்ற வழியிற் செல்வதே. கரையிலும் முந்தியிலும் வண்ணத்திலும் உடுத்துவார் உடலுக்கேற்ற பதத்திலும் எவ்வளவு தனித்தன்மை உண்டோ அவ்வளவே நம் தறிக்கு ஆயுள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இதனை அரசாங்கமும் உணர்ந்ததற்கு அடையாளம்.

அடுத்தது சட்டத்தின் பாதுகாப்பைப் பற்றியது. ஹூக்ளி ஆலைகட்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் போல நமக்கும் ஒரு சட்டம் உண்டு. 1985-இல் இயற்றிய அச்சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. சட்டம் நிழல், நிழல் சுருங்கும். நிழலில் நிற்கும் காலத்திலேயே வேரூன்றிக்கொள்ளவேண்டும்.

மற்றொன்று, ஒற்றுமையின் பயன். ஆலை முதலாளிகள் சங்கங் கூடி விலையைக் காத்தனர். உழவரும் கைத்தறிக்காரரும் தனித்தனியே நின்று தோற்றனர். நூல் வாங்குமிடத்தும் துணி விற்குமிடத்தும் தனியே நிற்கும் நெசவாளன் பிறன் சொன்ன விலைக்கே தலையசைக்க நேரும். 1935-இற் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கி இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் ஸ்தாபனத்தின் உட்கருத்து இதுவே. அதில் குறைகள் இருப்பின் உள்ளிருந்து திருத்துவோம். வெளியேறி ஆளுக்கொரு தரகன் வாயிலில் நிற்பது வழியன்று.

இறுதியாகச் சொல்ல விரும்புவது, எம் கருத்தில் முதலாகச் சொல்லத்தக்கது. வங்காளத்துக் கோணி நெசவைப் பற்றி நாம் மேலே எழுதியது எதனைக்கொண்டு? ஒரு ஆங்கில வணிகர் எழுதி வைத்ததைக்கொண்டு. லட்சக்கணக்கான வீடுகளில் நூற்றோர், நெய்தோர் தம் வாயாற் சொல்லியது ஒரு வரியேனும் நமக்குக் கிட்டவில்லை. அவர் எவ்வாறு பாவோட்டினர், எத்தனை இழைக்கு எந்தப் பெயர் வைத்தனர், கைம்பெண்ணொருத்தி ஒரு நாளில் எவ்வளவு நூற்று எவ்வளவு பெற்றாள் என்பன அவர்களோடு மறைந்தன. தொழில் போயிற்று, தொழிலின் நினைவும் போயிற்று. ஒரு குலத்துக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

நம் ஊர்களில் குழித்தறியில் அமர்ந்து ஐம்பது, அறுபது ஆண்டு கழித்த முதியோர் இன்னும் உளர். விழுது கட்டும் முறை, கஞ்சிப் பதம், சாயக்கூட்டு, கரைகளின் பெயர், நூற்கணக்கு ஆகியவை அவர்கள் நாவில் உள்ளன, ஏட்டில் இல்லை. நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் தன் ஊரிலுள்ள முதியோர் இருவர் மூவரையேனும் கேட்டு, அவர் சொல்வதைச் சொல்லியவாறே எழுதி, இப்பத்திரிகைக்கு அனுப்பி வைக்குமாறு வேண்டுகின்றோம். பள்ளியிற் பயிலும் நம் சிறுவர் சிறுமியர் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர். தறியில் அமர்வாரும் அமராதாரும், வேறு உத்தியோகம் நாடிச் சென்றாரும் யாவரும் நம் குலத்தாரே. தறியைவிட்டுப் போன பிள்ளையும் தன் பாட்டனார் தறியின் பேச்சை அறிந்திருப்பானாயின், அத்தொழில் ஒருநாள் தழைக்குங்கால் தழைக்கும் இடம் அதற்கு இருக்கும். கோணி நெய்தோர்க்கு இல்லாதுபோன பேறு நமக்கு வாய்ப்பதாக.